ஆன்டெனா திரும்பிய திசை

பனச்சமூட்டில் ஒரு வீட்டாரிடம் டிவியில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், விடை ஒரு மொழிக்குள் அடங்காது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு விளிம்பில், வெள்ளறடையை ஒட்டிக் கிடக்கிற ஊர் இது. சந்தையிலிருந்து சில அடி நடந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டம். ஊர்ப் பெயரில் இருக்கும் ‘மூடு’ என்பது மரத்தடி. நாகர்கோவிலின் வேப்பமூட்டிலும் அதே சொல்தான் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஊர் எந்த மாநிலம் என்று சொல்லிவிட முடியாது. இப்படிப்பட்ட ஊரில் ‘அந்தத் தொடர் இழுக்கிறது, இந்தப் பாட்டுப் போட்டி பரவாயில்லை, செய்தி என்றால் மலையாளம்தான், சீரியல் என்றால் தமிழ்தான்’ என்பது போன்ற பேச்சை வெட்டி அரட்டை என்று ஒதுக்குவது எளிது. அந்த அரட்டைக்குள் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது என்பது என் வாதம். 1956-இல் நிலத்தின் மேல் வரைந்த மொழி எல்லையை டிவி அலைகள் மதிக்கவில்லை. பின்னால் வந்த கட்டணமும் அரசுத் திட்டமும் அந்த எல்லையைத் திரைக்குள்ளும் ஓரளவு கொண்டுவந்தன. இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்த மக்கள், இரண்டு மொழிகளையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் பார்வையாளர்களாக ஆனார்கள்.

எல்லை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடும் அந்த இணைப்புக்கு முன்கதை. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை, செங்கல், காரோடு, குன்னத்துகால், வெள்ளறடை என்று எல்லையோரப் பஞ்சாயத்துகள் கேரளப் பக்கம். களியக்காவிளையும் அருமனையும் தமிழ்நாட்டுப் பக்கம். உறவும் கொடுக்கல் வாங்கலும் சந்தையும் கோட்டைத் தாண்டியே நடந்தன. பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் வருவாய்த்துறைக் காகிதமும் மட்டும் இரண்டாகப் பிரிந்தன. எழுத்து பிரிந்தது, பேச்சு பிரியவில்லை. டிவி வந்து விழுந்தது இந்தப் பிரியாத பேச்சின் மடியில்தான்.

திரைக்கும் இந்த எல்லைக்கும் உள்ள சிக்கல் டிவிக்கு முந்தியது. மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்து நாடார் குடும்பத்துக்காரர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ கட்டிப் படம் எடுத்தார். எல்லாவற்றையும் இழந்து, கடைசியில் அகஸ்தீஸ்வரத்திலேயே 1975-இல் இறந்தார். அவர் வாழ்ந்த மண் அதற்குள் தமிழ்நாடாகிவிட்டதால், மலையாள சினிமாவுக்கு அவர் செய்ததைக் கேரளம் உரிய காலத்தில் ஏற்கவில்லை. பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் பல ஆண்டுகள் அவருக்காக எழுதி வாதாடிய பிறகே அந்த நிலை மாறியது. இன்று கேரள அரசு திரைத்துறைக்கு வழங்கும் வாழ்நாள் சாதனை விருதுக்கு அவர் பெயர்தான். 1992-இல் அந்த விருதைத் தொடங்கியபோது அவர் இல்லை. ஒரு மனிதனின் கலை ஒரு மொழிக்கும், அவன் வீட்டு முகவரி இன்னொரு மொழிக்கும் சொந்தமாகும்போது கணக்கு எப்படிப் பிசகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒலிபரப்பிலும் இதே நிலைதான். திருவிதாங்கூர் அரசு 1943-இல் திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் தொடங்கியது. 1950-இல் அது அகில இந்திய வானொலியின் கைக்குப் போனது. தமிழுக்கு 1963 முதல் திருநெல்வேலி நிலையம் இருந்தது. நாகர்கோவிலில் 1984-இல் வந்த நிலையம் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி. இவற்றையெல்லாம் விட ஓங்கி ஒலித்தது இலங்கை வானொலி. தென்கோடி மக்கள் தமிழ்ப் பாட்டுக்கு அதையே நம்பினார்கள். அதே கொழும்பிலிருந்து மலையாளப் பாட்டும் வந்தது. முள்ளை ஒரு நூல் நகர்த்தினால் மொழி மாறும் என்ற பழக்கம் இந்த வட்டாரத்துக் கைவிரலுக்கு டிவி வருவதற்கு முன்பே இருந்தது.

டிவி இந்த ஊருக்கு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் கூரை மேல் நின்ற ஆன்டெனா சொல்லும். மதராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கினாலும், ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தாண்டி அந்த அலை இங்கே வர வழியில்லை. டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் ஓடும். மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். 1982 பிப்ரவரியில் இலங்கை ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அத்தீவின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில் அதன் கோபுரம் இருந்ததால், கடல் கடந்து தென் தமிழகக் கரையிலும் தென் கேரளத்திலும் படம் தெரிந்தது. பிறகு 1985 ஜனவரி 1 அன்று திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. அந்த நிலையம் இருந்த குடப்பனக்குன்னுக்கும் பனச்சமூட்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த அருமனைக்கும் களியக்காவிளைக்கும்கூட மிகப் பக்கத்திலிருந்த பெரிய நிலையம் அதுவே. ஆகவே இரும்புக் குழாயில் கட்டிய அலுமினியக் கம்பிகள் வடமேற்கு பார்த்து நின்றன. கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு தமிழுக்காக வடக்கே திருப்பலாம்; ஆனால் அது 200 கிலோமீட்டர் தொலைவு. பூஸ்டர் வைத்தாலும் மழை, காற்று என்றால் புள்ளிபுள்ளியாகப் போகும். கூரையில் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு ‘இப்பம் தெரியுதா?’ என்று கேட்க, கீழே டிவி முன்னால் நிற்பவர் ‘இன்னும் கொஞ்சம் திருப்பு மக்கா’ என்று சொல்ல, இரைச்சலுக்கு நடுவே முகம் தெளிகிற அந்தக் கணத்தில்தான் அன்றைய மாலை எந்த மொழியில் கழியும் என்பது முடிவானது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். விளவங்கோட்டின் மேற்கு விளிம்பில் இருந்த தமிழ் வீடுகளுக்கு டிவியின் முதல் மொழிகளாக வாய்த்தவை மலையாளமும் இந்தியும். இந்தி தில்லியின் தேசிய நிகழ்ச்சியில் வந்தது. ‘ராமாயண்’ 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓடியது. ‘மகாபாரத்’ 1988 அக்டோபரில் தொடங்கியது. சென்னை வீடுகள் வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கக் கூடியபோது, திருவனந்தபுரம் கோபுரத்தை நம்பிய தமிழ் வீட்டுக்குக் கிடைத்தது மலையாளப் படப்பாட்டு. ஞாயிறு மதியம் தில்லி போடும் மாநில மொழிப் படங்களில் தமிழின் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். மலையாளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. கிடைத்ததைப் பார்த்தார்கள், பார்த்ததில் நல்லது எது என்று பேசக் கற்றார்கள். மலையாள எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாத தமிழர் மலையாள நாடகத்தின் நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டதற்கும், தமிழ் எழுத்து தெரியாத நெய்யாற்றின்கரைக்காரர் தமிழ்ப் படத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வதற்கும் அடிப்படை காதுதான். வானொலியில் பழகிய அந்தக் காதை டிவி மேலும் பழக்கியது.

1993 இதை மாற்றியது. ஏப்ரல் 14 அன்று சன் டிவி. ஆகஸ்ட் 30 அன்று ஏஷியாநெட். ஐந்து மாதத்துக்குள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனிச் செயற்கைக்கோள் அலைவரிசை வந்துவிட்டது. வானத்திலிருந்து இறங்கும் அலைக்கு மலையும் கிடையாது, மாநிலமும் கிடையாது. ஊரில் ஒருவர் பெரிய டிஷ் வைத்தால் இரண்டும் வந்து விழும். கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இழுத்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். 1995-இன் கேபிள் சட்டம் அந்தக் கேபிள்காரர்களைத் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்யச் சொன்னது. எதைக் கொடுப்பது என்பதை வாடிக்கையாளரின் முணுமுணுப்பே முடிவு செய்தது. ஒரு தெருவில் பாதிப் பேர் தமிழ்ப் படம் கேட்டால் தமிழ் அலைவரிசை தெளிவாக வரும் இடத்துக்கு நகரும். மீதிப் பேர் மலையாளச் செய்தி கேட்டால் அதுவும் பக்கத்திலேயே நிற்கும். அலைவரிசைகளின் வரிசையை உள்ளூர் ரசனை எழுதிய காலம் அது. எல்லையோர மக்களின் டிவிப் பேச்சுக்கு நேரடியான பலன் கிடைத்ததும் அப்போதுதான். மாதச் சந்தா வாங்க வருபவரிடம் சொன்ன குறை அடுத்த வாரம் திரையில் தெரிந்தது.

இரு மொழித் தராசு முழுமையடைந்தது இந்தக் காலத்தில்தான் என்பேன். தமிழில் ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று மாலையும் இரவும் நிறைந்தன. மலையாளத்தில் ‘ஸ்த்ரீ’ போன்ற தொடர்களோடு, அரசியலை ஒரு சில நிமிடங்களில் கடிந்துபோகும் ‘முன்ஷி’யும், மிமிக்ரி மேடைகளும், நீண்ட செய்தி விவாதங்களும் நின்றன. 2006-இல் விஜய் டிவி ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கிய அதே ஆண்டில் ஏஷியாநெட் ‘ஐடியா ஸ்டார் சிங்கர்’ தொடங்கியது. ஒரே மொழி தெரிந்த பார்வையாளர் ஒரு பாட்டுப் போட்டியை அதன் போன ஆண்டோடுதான் ஒப்பிடுவார். இரண்டு மொழி தெரிந்தவர் ஒரு நடுவரின் கண்டிப்பை இன்னொரு நடுவரின் கண்டிப்போடு ஒப்பிடுவார். விமர்சனத்துக்கு வேண்டிய முதல் கருவி ஒப்பீடு. அது இந்த ஊர்களுக்கு அமைப்பிலேயே வாய்த்தது.

இந்த ஒப்பீட்டின் மதிப்பை ஒரே ஓர் எடுத்துக்காட்டில் நெருங்கிப் பார்க்கலாம். விஜய் டிவியில் 2018 அக்டோபரில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடங்கியது. குன்றக்குடியில் மளிகைக் கடை நடத்தும் அண்ணன் தம்பிகள். தம்பிகளைப் பிள்ளைகளாக வளர்த்த அண்ணி தனம். 2020 செப்டம்பரில் அதே கதை ‘சாந்த்வனம்’ என்று ஏஷியாநெட்டில் வந்தது. மூத்த அண்ணன் சத்தியமூர்த்தி அங்கே பாலன்; தனம் அங்கே தேவி. கடைசித் தம்பி மட்டும் இரண்டிலும் கண்ணன். ‘ஸ்ரீமொயி’ என்ற வங்காளத் தொடர் அதே ஆண்டு ஏஷியாநெட்டில் ‘குடும்பவிளக்கு’ ஆனது, விஜயில் ‘பாக்கியலட்சுமி’ ஆனது. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. விஜயும் ஏஷியாநெட்டும் ஸ்டார் நிறுவனத்தின் கையில் இருந்தன. சன் நிறுவனம் 1998-லேயே மலையாளத்துக்குச் சூர்யா டிவியைத் தொடங்கியிருந்தது. ஒரு முதலாளிக்கு ஒரு கதை இரண்டு சரக்கு. சென்னைப் பார்வையாளருக்கும் கொச்சிப் பார்வையாளருக்கும் இது தங்கள் வீட்டுக் கதை. எல்லையில் இருந்து இரண்டையும் பார்ப்பவருக்கோ அண்ணி எங்கே அழுவாள், எங்கே அடங்குவாள், எந்த மொழியில் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறாள் என்பதெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ‘இது அங்க ஏற்கெனவே வந்தாச்சு’ என்று சாதாரணமாகச் சொல்லும் அவர், தொழிலின் உள்கட்டமைப்பைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

இனி மறுபக்கம். எல்லை திரைக்குள் வந்த கதை. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேலான குடும்பங்களுக்குப் போயின. பெட்டி கிடைக்கத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். சந்தையின் ஒரு பக்கத்துக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. அதே சந்தையில் மறுபக்கம் கடை வைத்திருக்கும் உறவுக்காரருக்கு இல்லை. டிவி என்ற பொருள் முதன்முறையாக மாநில முத்திரையோடு வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் டிவி மாதம் 70 ரூபாய்க்குச் சேவையைத் தொடங்கியது. கேரளத்திலோ சிறு கேபிள்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் அமைப்பும் தனியார் நிறுவனமும் களத்தில் நின்றன. கம்பி இப்போது எந்த மாநிலத்துக் கம்பி என்று கேட்கும் நிலை வந்தது. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது கேள்வி இன்னும் கூர்மையானது. இலவச அலைவரிசைகளுக்கு 130 ரூபாயும் வரியும். அதற்கு மேல் கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சன் டிவி 19 ரூபாய், ஏஷியாநெட் 19 ரூபாய். மொத்தமாக எடுத்தால் மலிவு. ஆனால் தொகுப்புகள் மொழிவாரியாகக் கட்டப்பட்டவை. ஒரு மொழி வீட்டுக்கு இது வசதி. இரு மொழி வீடு இரண்டு தொகுப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும், அல்லது ஒரு மொழியைக் கைவிட வேண்டும். 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் கேட்ட கேள்வியை 2019-இல் ரசீது கேட்டது.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, சீரியல் என்பதே அழுகையும் சூழ்ச்சியும் கலந்த தரம் குறைந்த சரக்கு, அதைப் பற்றிய பேச்சில் வரலாறு தேடுவது வீண் என்பது. சரக்கின் தரத்தைப் பற்றிய குற்றச்சாட்டில் பெரும்பகுதி நியாயம். மருமகளை ஆண்டுக்கணக்கில் துன்பப்படுத்தி நேரத்தை ஓட்டும் தொடர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு சந்தையின் வரலாற்றை எழுதுகிறவர் அங்கே விற்ற மரவள்ளிக் கிழங்கின் சுவையை வைத்துச் சந்தையை மதிப்பதில்லை. யார் வந்தார்கள், எந்த மொழியில் பேரம் பேசினார்கள், எந்த வரி வந்தபோது எந்த வழி அடைபட்டது என்று பார்ப்பார். டிவி பேச்சும் அப்படி ஒரு சந்தைக் குறிப்பு.

இரண்டாவது மறுப்பு கனமானது. டிவி கொண்டுவந்த தமிழ் இந்த மண்ணின் தமிழ் இல்லையே? நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோட்டிலும் வழங்கும் பேச்சு, மலையாளத்தோடு சொற்களைப் பகிர்ந்துகொண்டு தனக்கென ஓர் இசையோடு வாழ்வது. சென்னையில் எடுத்த தொடரில் அது கேலிக்குரிய பாத்திரத்தின் வாயில் மட்டும் வரும். மலையாளத் தொடரிலும் தெக்கன் திருவிதாங்கூர்ப் பேச்சுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் சிரிப்பு மூட்டும் இடமே. இது உண்மையான இழப்பு. இரண்டு திரைகளும் தங்கள் தலைநகரத்தின் நாக்கை நல்ல மொழி என்று காட்டின. ஆனாலும் இழப்பின் அளவைச் சரியாக நிறுக்க வேண்டும். தமிழ்நாடு 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவந்தது. கேரளம் 2017-இல் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. தாய்மொழியைக் காக்க இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆனால் எல்லையின் இரு பக்கத்துக் குழந்தைகளுக்கும் பக்கத்து மொழியின் எழுத்து இன்னும் எட்டாத தூரத்துக்குப் போனது. அந்த நிலையில் பக்கத்து மொழியின் ஒலியையாவது தினமும் வீட்டுக்குள் கொண்டுவந்தது டிவிதான். எழுத்தை அது கற்பிக்கவில்லை. பள்ளி செய்ய வேண்டிய வேலையை அதனிடம் கேட்கவும் கூடாது.

மூன்றாவது மறுப்பு, கைப்பேசி வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பது. எந்த மொழித் தொடரும் எந்த நேரமும் கையில் கிடைக்கிறது. தொகுப்பும் கோபுரமும் யாருக்கு வேண்டும்? வசதி பெருகியது மெய்தான். ஆனால் ஒரே டிவி இருந்த வீட்டில் ஏழரை மணிக்கு எது, எட்டு மணிக்கு எது என்று பேரம் நடக்க வேண்டியிருந்தது. பாட்டியின் தமிழ்த் தொடருக்குப் பேரன் உட்கார்ந்திருந்தான். பேரனின் மலையாள மிமிக்ரிக்குப் பாட்டி உட்கார்ந்திருந்தாள். விருப்பமில்லாமல் கேட்டதும் காதில் தங்கியது. கைப்பேசி ஒருவர் நேற்றுப் பார்த்ததைப் போன்றதையே இன்றும் காட்டுகிறது. தமிழில் தொடங்கியவர் தமிழிலேயே நிற்கலாம். பக்கத்து அறையில் மலையாளத்தில் தொடங்கியவர் அங்கேயே நிற்கலாம். கோபுரமும் கட்டணமும் முழுமையாகப் போட முடியாத எல்லையை, தனித்தனித் திரை ஒரே வீட்டுக்குள் போட்டுவிடக் கூடும். அதனால் இந்தப் பழங்கதைக்கு இப்போதுதான் அவசரம் கூடியிருக்கிறது.

இதை எழுதி வைக்கும் வேலை பெரிய பணம் கேட்பதில்லை. ஆன்டெனா எந்தத் திசை பார்த்து நின்றது, ரூபவாஹினி தெரிந்ததா, முதல் கேபிள் இணைப்பில் எந்த அலைவரிசைகள் இருந்தன, 2019-இல் எந்தத் தொகுப்பை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று எல்லையோரப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாகக் கேட்டுக் குறித்தால் போதும். பழைய கேபிள்காரர்களின் சந்தா நோட்டுகள் இன்னும் சில அலமாரிகளில் இருக்கக்கூடும். கறையான் தின்பதற்குள் அவற்றைப் பார்க்க வேண்டும். இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்தால் நல்லது, ஒன்று மட்டும் செய்தாலும் நல்லது. கேள்வித்தாளின் முதல் கேள்வி எளிதாக இருக்கட்டும்: டிவியில் என்ன பார்க்கிறீர்கள்? பனச்சமூட்டில் அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் இரண்டு மொழிகள் இருக்கும் வரை, 1956-இன் கோடு ஊரைப் பிரித்தது, பேச்சைப் பிரிக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம்.